நூற்று முப்பத்தெட்டு டிகிரி

என்னிடம் வரும் படங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தலையைக் குறுக்கே வெட்டியது போல ஒரு கறுப்பு வெள்ளைப் படம், மூலையில் ஆறு இலக்க எண். ஆணா பெண்ணா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. தெரியக்கூடாது என்பது விதி. எனக்கும் அதுதான் வசதி.

நான் ஸ்கேன் டெக்னீஷியன். ஆட்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அனுப்பிவிட்டு, மைக்கில் "அசையாதீங்க" என்று சொல்வது என் வேலை. வியாழக்கிழமை மதியம் மட்டும் காது டாக்டரின் ஆய்வுக்காகக் கோணம் அளப்பேன். உள்காதிலிருந்து பின்பக்கமாக எலும்புக்குள்ளேயே ஒரு மெல்லிய குழாய் போகிறது. காதுக்குள் இருக்கும் நீர் வடியும் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பாதியில் நன்றாக வளைந்து கீழே இறங்கும். சிலருக்கு வளையாமல் ஏறக்குறைய நேராகவே போய்விடும், பிறவியிலேயே. திரையில் இரண்டு கோடு போட்டு அந்த வளைவை அளக்க வேண்டும். நூற்று நாற்பது டிகிரிக்குக் கீழே இருந்தால் பயமில்லை. மேலே போனால், இன்றைக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிற காதாக இருந்தாலும், சில வருடங்களில் படுத்துவிட வாய்ப்பு அதிகம். எங்கள் டாக்டர் போட்டிருக்கும் கோடு அது.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை அளப்பேன். முதல் அளவு ரிப்போர்ட்டுக்குப் போகும். ஆறு வாரம் கழித்து, பழைய அளவைத் திறக்காமல், மறுபடியும் அளக்க வேண்டும். அது என் கையைச் சோதிப்பதற்கு. இரண்டுக்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கள் சீனியர் வந்து மூன்றாவதாக அளப்பார். மூன்று வருடத்தில் அவர் எனக்காக நாற்காலி இழுத்துப் போட்டது இரண்டே தடவை. "உன்னோடது கையா, ஸ்கேலா?" என்பார். முந்நூற்றுச் சொச்சம் பேருடைய காது இனி என்ன ஆகும் என்பது அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள்கூட அதனால் எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனதில்லை.

அக்காவுக்கு என்னிடம் பிடிக்காதது இதுதான். எனக்கு அவள் வைத்த பெயர் கல்லுளிமங்கி. அப்பா இறந்த அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே, "உப்பு போட்டுத்தான் சாப்பிடுறியாடி நீ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகும் பல தடவை கேட்டிருக்கிறாள்.

அக்கா பஸ் டிரைவர். பதினேழு வருடம் ஓட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சிக்னலில் வண்டியைத் திருப்பும்போது தெரு மொத்தமும் அவளைச் சுற்றிச் சுழல ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள், எச்சரிக்கை விளக்கைப் போட்டாள், கழற்றிய தொப்பிக்குள் வாந்தி எடுத்தாள், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். தலை ஹார்னில் அழுந்தி, ஹார்ன் நிற்காமல் அலறியது. "நாப்பது பேர் சேந்து திட்டினாங்க. எனக்குப் பாதிதான் கேட்டுச்சு" என்று இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வாள். பாதிதான் கேட்டது என்பது உண்மை. இடது காது அன்றைக்கே போய்விட்டது, திரும்பி வரவில்லை. சுழற்சி மட்டும் வாரம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்தது.

வண்டியிலிருந்து இறக்கி, டிப்போவில் தொலைந்த பொருள் அறையில் உட்காரவைத்தார்கள். பஸ்ஸில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற சாமான்கள் அங்கே வரும். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை பல் செட். ஒவ்வொன்றிலும் பழுப்பு அட்டை கட்டித் தேதி எழுதி அலமாரியில் வைக்க வேண்டும். தேடி வருகிறவர் கண்ணாடித் தடுப்பின் துளை வழியாக அடையாளம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் பொருள் கிடைக்கும். தொண்ணூறு நாள் யாரும் வராவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும். "ஒத்தச் செருப்ப எவன் ஏலம் எடுப்பான்?" என்று அக்கா மேலதிகாரியிடம் கேட்டாளாம். அவருக்கும் தெரியவில்லை.

தனியாக இருக்கப் பயந்து என்னுடன் வந்து தங்கினாள். மூன்றாம் மாடி, ஐம்பத்திரண்டு படி. நான் எப்போதும் அவளுக்கு வலது பக்கம் நடப்பேன், அந்தக் காதுதான் கேட்கும் என்பதால். ஏதாவது குறை சொன்னால், "மத்தவங்க ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடலாம், எனக்கு அந்த வசதி இல்ல, உள்ள போனது உள்ளயே கிடக்கு" என்பாள். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட உட்காரும்போதெல்லாம், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவாள். இப்போது உப்புப் போட்டுச் சாப்பிடுவது நான்தான், அவள் இல்லை என்று ஒரு நாள் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள்.

வரும்போது பஸ் சீட்டில் போட்டு உட்காரும் குஷனையும் கொண்டுவந்திருந்தாள். டிரைவர் சீட் அவளுக்குத் தாழ்வு என்று தானே தைத்தது. ஜன்னலோர நாற்காலியில் வைத்துவிட்டு, "இதுல யாரும் உக்காரக் கூடாது, அமுங்கிடும். திரும்பப் போறப்ப வேணும்" என்றாள். வீட்டில் இருந்த 'யாரும்' நான் ஒருத்திதான்.

திரும்பப் போவதற்கு ஒரு வழி இருந்தது. கெட்டுப்போன இடது காதுக்குள் மருந்து செலுத்தி, அதில் இருக்கும் சமநிலை உறுப்பை அடியோடு அணைத்துவிடுவது. அப்புறம் அது சுழற்றாது. ஒரு பக்கம் அணைந்தால் மறுபக்கத்தை வைத்து உடம்பு சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். ஒரு காது நன்றாக இருந்து ஒரு வருடம் சுழற்சி வராமல் இருந்தால் பஸ் ஓட்ட அனுமதி உண்டு. ஆனால் டாக்டர் ஒன்றைச் சொன்னார். பின்னால் வலது காதும் அதே வழியில் போனால், சமாளிக்க எதுவும் மிச்சமிருக்காது. இருட்டில் நிற்க முடியாது. நடப்பது ஆயுசு முழுக்க மெத்தைமேல் நடப்பதுபோல இருக்கும். அதனால் முதலில் வலது காதின் கோணத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஸ்கேன் அன்று காலை ஒன்பது மணிக்கு அக்காவின் நரம்பில் ஊசி போட்டார்கள். அந்த மருந்து ரத்தத்திலிருந்து உள்காதுக்குள் ஊறிச் சேர நான்கு மணி நேரம் ஆகும். ஒரு மணிக்குத்தான் படம். சொந்தக்காரர்களுக்கு நாங்கள் படம் எடுக்கக் கூடாது என்பதால் சீனியரே எடுப்பதாகச் சொன்னார். நான் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி கேண்டீனில் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். அவள் டீயை ஆறவைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீதான அளப்ப?"

"யாரு படம்னு எனக்குத் தெரியாதுக்கா. நம்பர்தான் வரும்."

"தெரிஞ்சா சொல்லுவியா?"

"சொல்லக் கூடாது."

"வாயால சொல்ல வேணாம். மூஞ்சியக் காட்டு, போதும்." என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ம்ஹூம். இந்த மூஞ்சிய வெச்சு மழை வருமான்னுகூடச் சொல்ல முடியாது."

பிறகு டம்ளரைத் தள்ளிவைத்தாள். "நிஜமா சொல்றேன், அந்த ரூம்ல உக்காந்து உக்காந்து நானே ஒரு குடையா ஆயிட்டேன். யாராவது வந்து என்னைக் கூட்டிட்டுப் போனாத் தேவல."

இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பதினொரு படங்கள் வந்தன. அந்த வாரத்துப் படங்கள் எல்லாம் மொத்தமாக ஒரே நாளில்தான் வரும். அதனால் பதினொன்றில் ஒன்று அக்கா. சொந்தக்காரர் படத்தை எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அளக்கக் கூடாது என்று இல்லை, ஏனென்றால் எண்ணுக்கு அக்கா தங்கை கிடையாது. நான் சீனியரிடம் போய், இந்த வாரம் நீங்கள் அளந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேறு யாருடைய கைமேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்டால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எல்லா நாளையும்போலத்தான் அளந்தேன். கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, முதல் கோடு, இரண்டாம் கோடு, எண்ணைப் பதிந்து, அடுத்த படம். மனதில் ஒன்றும் ஓடவில்லை என்று சத்தியம் செய்வேன்.

பத்து நாள் கழித்து டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "வலது காது நூத்தி முப்பத்தெட்டு. கோட்டுக்குக் கீழதான். ஒட்டினாப்ல இருக்கு, ஆனா கீழதான். தைரியமா மருந்து போடலாம்." தேதி கொடுத்தார், படம் அளந்ததிலிருந்து ஏழாவது வாரம் திங்கட்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா குஷன் உறையைக் கழற்றித் துவைத்துப் பால்கனிக் கம்பியில் காயப்போட்டாள். நீலத்துணி, ஒரு மூலையில் போகாத டீக்கறை, ஒரு பக்கம் கறுப்பு நூல் தையல். நீல நூல் பாதியில் தீர்ந்துபோயிருந்ததாம். அன்று இரண்டு மூன்று பழைய டிரைவர்களுக்குப் போன் செய்து, "என் ரூட்ட யாரு ஓட்டுறா? ஒழுங்கா வெச்சிருக்கச் சொல்லு" என்றாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆறு வாரம் முடிந்த வியாழக்கிழமை அதே பதினொரு படங்கள் மறுபடியும் வந்தன. அளந்தேன். எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் பழைய அளவுகளைத் திறக்க முடியும். திறந்தேன். பதினொன்றும் கூடியிருந்தன. ஒன்று மூன்று டிகிரி, ஒன்று நாலு, ஒன்று நாலரை. ஒன்றுகூடக் குறையவில்லை.

கை தவறினால் இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும். மூன்று வருடமாக எனக்கு அப்படித்தான் போயிருக்கிறது. பதினொன்றும் ஒரே பக்கம் போனால் அது கைத்தவறு இல்லை, ஆசை. எது அக்கா என்று தெரியாததால் பதினொரு பேருக்கும் இரண்டாம் கோட்டை ஒரு முடி அளவு உள்ளே இழுத்திருக்கிறேன். நான் பார்த்துக்கொண்டே இருக்க என் கை அதைச் செய்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கல்லுக்குக்கூட ஆசை வரும்போல.

பதினொன்றில் நூற்று முப்பத்தெட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு நேரே இப்போது நூற்று நாற்பத்திரண்டு. மற்ற பத்துப் பேரில் யாரும் கோட்டைத் தாண்டவில்லை.

நாலு டிகிரி. ஐந்துக்குள் அடங்கிவிட்டது. சீனியர் வரமாட்டார், யாரும் கேட்க மாட்டார்கள், ரிப்போர்ட் அப்படியே நிற்கும். விளக்கைக் கூட்டினேன், கம்ப்யூட்டரை அணைத்தேன், கை கழுவினேன். எனக்குப் பயமாக இருந்ததா, துக்கமாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. பல் பிடுங்கப் போட்ட ஊசி முகம் முழுக்கப் பரவினதுபோல இருந்தது. வலி எங்கேயோ இருக்கிறது என்று தெரிகிறது, அதைத் தொட முடியவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அப்படியேதான் நடமாடினேன்.

ஞாயிறு காலை அக்கா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், உப்பில்லாத வெண்ணெய். நான் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டை இழுத்தது, பதினொன்றும் கூடியது, நூற்று நாற்பத்திரண்டு. அவள் தடவிக்கொண்டே கேட்டாள். ரொட்டியின் மூலைவரைக்கும் தடவி முடித்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப சொல்லாத."

"அக்கா..."

"நாலு டிகிரிக்காகவாடி? தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு, இதுல சாண் என்ன, முழம் என்ன." கத்தியைக் கீழே வைத்தாள். "நூத்தி நாப்பத தாண்டினவங்க எல்லாருக்கும் மறு காதும் போயிடுச்சா?"

"எல்லாருக்கும் இல்ல. பத்துல ஏழு பேருக்கு."

"அந்த மீதி மூணுல நான் இருக்கக் கூடாதா?"

எந்தப் படத்திலும் அது தெரியாது.

"போனாலும் நாளைக்கேவா போகுது? நாலு வருஷம் ஆகலாம். அந்த நாலு வருஷம் நான் வண்டி ஓட்டிட்டுப் போறேன். அதுக்கப்புறம் மெத்தமேல நடந்தா என்ன, முள்ளுமேல நடந்தா என்ன?" அவள் குரல் உடைந்தது. "உன்னை யாரு ரெண்டாவது தடவ ஒழுங்கா அளக்கச் சொன்னது?"

நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் காது, அவள் நாலு வருடம். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் வலது காதின் முதல் சுழற்சி வந்தால், ஹேண்ட் பிரேக் போட இந்தத் தடவையும் நேரம் கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்? அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும். பின்னால் உட்கார்ந்திருந்த நாற்பது பேரைப் பற்றி எனக்குச் சொன்னதே அவள்தான்.

"உப்பு போட்டுத்தான..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

மருந்து போட வேண்டிய திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு சீனியரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, என்னை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தானே அளந்தார். நூற்று நாற்பத்துமூன்று. மற்ற பத்துப் படங்களையும் அன்று மாலைக்குள் அளந்து, பத்து ரிப்போர்ட்டையும் திருத்தி அனுப்பினார். "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். அவரிடம் அந்தச் சமயத்துக்கு இருந்தது அது ஒன்றுதான். வியாழக்கிழமை வேலை என்னிடமிருந்து போயிற்று. போனது நியாயம்தான்.

டாக்டர் அக்காவை எட்டு மணிக்கு உட்காரவைத்துப் பேசினார். அணைக்கும் மருந்து வேண்டாம், இடது காதில் இருக்கிற சமநிலை பின்னால் தேவைப்படலாம். வேறு ஒரு ஊசி இருக்கிறது, அது எதையும் அழிக்காது, சுழற்சியைக் குறைக்கும், ஆனால் ஒரேயடியாக நிறுத்தாது. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பஸ்?" டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். அக்கா எழுந்து, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் நின்ற பக்கம் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே ஐம்பத்திரண்டு படி. நான் வலது பக்கம் போனால் அவள் திரும்பி, கேட்காத காதை எனக்குக் காட்டிக்கொள்வாள். புதிய ஊசி போட்டார்கள், வாரம் இரண்டாக இருந்த சுழற்சி ஒன்றாயிற்று. நான் வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன், அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. குஷன் இல்லை. குப்பைக்கூடையில் தேடினேன், அலமாரிகளில் தேடினேன், கட்டிலுக்கு அடியில் தேடினேன். பிறகுதான் எங்கே இருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் மதியம் டிப்போவுக்குப் போனேன். தொலைந்த பொருள் அறைக்கு நான் அதுவரை போனதே இல்லை. அவள் சொல்லியிருந்தது போலவேதான் இருந்தது. நீளமான அலமாரிகள், குடைகள், அட்டைகள். இரண்டாம் தட்டில், ஒரு டிபன் பாக்ஸுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவே, குஷன். அதிலும் பழுப்பு அட்டை கட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அக்கா ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"என்ன தொலஞ்சுது?"

"குஷன்."

"அடையாளம் சொல்லுங்க."

'சொல்லுங்க' என்றாள். எனக்கு மரியாதை கொடுத்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீலம். ஒரு மூலைல டீக்கறை. ஒரு பக்கம் கறுப்பு நூல் தையல். நீல நூல் தீந்துபோச்சு."

எழுதினாள். அவளுக்கே தெரிந்ததை நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதினாள்.

"உங்களோடதா?"

"எங்க அக்காவோடது."

"அவங்க ஏன் வரல?"

கண்ணிலிருந்து நீர் இறங்கியது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ தெரியவில்லை. அப்பா இறந்த அன்றைக்கு வந்திருக்க வேண்டியதும் அதில் இருந்திருக்கலாம். "அவ இனிமே வண்டி ஓட்ட மாட்டா" என்றேன். குரல் எழவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

வெளியே ஒரு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது அதில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"கேக்கல" என்றாள். எழுந்து நின்று, தலையைச் சாய்த்து, வலது காதைக் கண்ணாடித் துளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "சத்தமா சொல்லுடி. இந்தக் காது கேக்குற வரைக்கும் கேட்டுக்கறேன்."

நான் மறுபடியும், சத்தமாகச் சொன்னேன்.